ஓமத்தண்ணி குடித்துவிட்டு கிளாஸுக்குப் போன கோமதி

கோமதி போய்விட்டாள். காலையில் குளிக்கப் போனவள் பாத்ரூமிலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

குருவிநத்தத்தில் அவள் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லியனூர் பக்கம் ஒரு பெண்கள் காலேஜில் நானும் அவளும் தமிழ்த் துறை ஆசிரியைகள். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

புனைகதை பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். கதைக்கரு, கதைப்பின்னல் எனக்கு. நோக்குநிலை, முன்னுணர்த்தல் அவளுக்கு.

நான் போர்டு முழுக்க விளக்கம் எழுதிப்போடுகிற ஆள். அவள் சாக்பீஸையே தொட மாட்டாள்.

நோக்குநிலை என்றால், யார் கண் வழியாகக் கதை சொல்கிறோம் என்பது. அதற்கு அவள் வைத்திருந்தது ஒரு கரும்பு லாரி. கரியமாணிக்கத்தில் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது... அதை கிளாஸில் டிரைவராக ஒருத்தி சொல்ல வேண்டும், கரும்புக்குச் சொந்தக்காரராக ஒருத்தி, பின்னால் நின்று கரும்பு உருவுகிறவளாக இன்னொருத்தி.

நடுவில் கோமதி பாய்வாள். "ஏய், நீ பின்னாடி நின்னு கரும்பு உருவிக்கினு இருக்க. டிரைவரு மனசுல இன்னா நினைக்கிறாருன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

கிளாஸே சிரிக்கும். பக்கத்து கிளாஸில் நான் கத்துவது ஒருத்தருக்கும் கேட்காது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், என்ன செய்ய.

முன்னுணர்த்தல் என்றால், பின்னால் நடக்கப்போவதைக் கதையில் முன்னாடியே கோடி காட்டுவது. ஒரு பெண் எழுந்து கேட்டாளாம், "கதையில அந்தம்மா முதல் பக்கத்துலேயே இருமுறாங்க மேடம், அவங்களுக்கே ஏன் தெரியல?"

"அவங்க கதைக்கு உள்ள இருக்காங்கபா. வெளிய உக்காந்து படிக்கிற நமக்குத்தான் தெரியும்" என்றாளாம். ஸ்டாஃப் ரூமில் வந்து பெருமையாகச் சொன்னாள்.

போன வாரம் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டாள். சுவரில் கை, நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னாச்சு கோமு?"

"வாயுடி. ஓமத்தண்ணி குடிச்சா பூடும்."

குடித்தாள். கிளாஸுக்கும் போனாள். அன்றைக்கும் முன்னுணர்த்தல்தான் எடுத்தாள்.

இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்று... அந்த பாட்டிலில் இருந்து நானும் குடித்தேன். கொஞ்ச நாளாகவே எனக்கு இடது தோள் வலிக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"உனக்குமா? அப்ப கேன்டீன் வடைதான்டி" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்று அவள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயு வாயுன்னே சொல்லிக்கினு இருந்தாம்மா... நாங்களும் நம்பிட்டோம்" என்று அழுதார். எனக்கு அங்கேயே நெஞ்சை அடைத்தது. அழுகையா, இல்லை வேறு ஏதாவதா... தெரியவில்லை.

சாவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். எதிரில் வந்த ஆட்டோவில் ஏறி "ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணா" என்றேன்.

இப்போது இசிஜி எடுக்கிற ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். புடவையெல்லாம் ஊதுபத்தி வாசனை.

பக்கத்து நாற்காலி அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "சாவு வூட்லேர்ந்து நேரா வந்துட்டியாம்மா? குளிக்கக்கூட இல்லையா?"

இல்லை என்றேன். வீட்டுக்குப் போனால் குளித்துவிட்டு, சோறு வடித்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் போன் பண்ணவில்லை. குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். இதைப் படித்துவிட்டு அவரே கூப்பிடட்டும்.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன்.

கோமு... சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். அதனால் உன் காலைத் தொட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

என் பேரைக் கூப்பிடுகிறார்கள்.

போயிட்டு வரேன்டி.