புகைக்குழாய் மேல் எண்ணெய் டின்

"மேல பாருங்கம்மா! அடுப்பத் தொடைச்சுப் பளபளன்னு வெச்சா மட்டும் போதுமா? குழாய யாரு பாக்கறது?"

எங்கள் மலையூரான அஸ்ரூவில், தெருவுக்குள் நுழையும்போது பாஸ்ஸூ இதைத்தான் கத்துவார். தினமும். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது.

மரம் அறுக்கும் மில்லில் இருபது வருஷம் இருந்தவர். அது மூடியதும் கம்பிப் பிரஷ்ஷும் கயிறுமாகப் புகைக்குழாய் சுத்தம் செய்யக் கிளம்பினார். குழாயை விரலால் தட்டுவார். கணகணவென்றால் போய்விடுவார். சத்தம் மந்தமாக வந்தால், "உள்ள கரி அடைச்சிருக்கு. ஈரக்கட்டையத்தானே எரிக்கிற?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு டீ கொடுப்போம்.

கோடையில் குளிர்காயும் அடுப்பு எரியாது; நாரைகள் கூடு கட்டக் குழாய்க்குள் குச்சியைப் போடும். அதனால் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துக் கட்டிவைப்போம். போன வருஷம் பக்கத்து வீட்டு துதா நிறைமாதம். அவள் குழாயிலும் நான்தான் கட்டினேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். குளிர் வந்ததும் என் டின்னை எடுத்தேன், அவளுடையதை மறந்தேன்.

முதல் பனி கொட்டிய அன்று காலைதான் கைக்குழந்தையோடு திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். டின் இடுக்கு வழியாகப் புகை கொஞ்சம் போனது. மத்தியானத்துக்குள் பனி அந்த இடுக்கையும் அடைத்துவிட்டது.

பாஸ்ஸூ தெருவில் நின்று கத்தினார். "ரப்ஹா! துதா குழாய்ல டின்னு இருக்கு! அவ எங்க?"

"உள்ளதான். பிள்ளையத் தூங்க வெக்கிறா" என்றேன்.

"அடுப்பு?"

"காலையிலேயே பத்தவெச்சுட்டா."

அவர் துதா வீட்டுக்கு ஓடினார், பின்னாலேயே நானும். கதவைத் தட்டினோம். பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். மூன்றாவது இடியில்தான் கதவு பெயர்ந்தது.

"மூச்ச அடக்கிக்க! பிள்ளையத் தூக்கு, நிக்காத, ஓடு!"

தூக்கினேன். தலை துணி மாதிரி தொங்கியது. அவர் துதாவை அக்குளில் பிடித்து இழுத்துவந்து பனியில் போட்டார். நான் குழந்தையின் பாதத்தைத் தேய்த்தேன்.

"அழுடி கண்ணு, அழு!"

எவ்வளவு நேரமோ தெரியாது. இருமியது. அப்புறம் வீறிட்டது. துதா புரண்டு வாந்தி எடுத்தாள்.

பாஸ்ஸூ அதற்குள் ஏணியில் இருந்தார்.

"இறங்குங்க! அடுப்பு தானா அணையட்டும்!"

"அதுவரைக்கும் அந்த விஷப்புகை எங்க போகும்? நடுச்சுவத்துல இருக்குற விரிசல் வழியா உன் வீட்டுக்குள்ளதான். உன் பிள்ளைங்கள மொதல்ல வெளிய கூப்புடு!"

கூப்பிட்டேன். டின் என் காலடியில் வந்து விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் துதாவுக்கும் குழந்தைக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். பாஸ்ஸூவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

டின் கட்டியது நான்தான் என்று போய்ச் சொன்னேன்.

"தெரியும். அவ்வளவு கேவலமா முடிச்சுப் போட இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?" என்றார்.

பலகைச் சந்தைக்குப் பின்னால், தன் அக்கா யம்னா வீட்டில் இன்னும் படுத்திருக்கிறார். திட்டுவார் என்று பயந்து ஒருத்தரும் எட்டிப்பார்ப்பதில்லை. உங்கள் குழாயில் டின் இருந்தால் இப்போதே எடுத்துவிட்டு, நாலு காய்ந்த கட்டையோடு போய்ப் பாருங்கள். திட்டினால் திருப்பித் திட்டுங்கள், அவருக்கும் பொழுது போகும்.