முதுகு காட்டிய கிளிகள்

மாமாவுக்குப் பாதிப் படம்தான் போடத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுபதுகளின் தொடக்கம். அம்மாவின் தம்பியான அவருக்கு மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில்தான் ஜாகை. தியாகராய நகரில் ஒரு வெள்ளிக் கடைக்குத் தட்டு, கூஜா, பன்னீர்ச் செம்புகளுக்கான வேலைப்பாட்டுப் படங்கள் போட்டுக் கொடுப்பார். மெல்லிய தாளில் பாதியைப் பென்சிலால் வரைந்து, தாளை மடித்து மேலே கரண்டியால் தேய்த்தால் மறுபாதி தானே பதிந்துவிடும். தேய்ப்பது என் உத்தியோகம். என்ன பெருமை எனக்கு!

ஒரு கல்யாணத் தட்டுக்குக் கிளி ஜோடி கேட்டிருந்தார்கள். மாமா ஒரு கிளியை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் ஒரு அவசரக்குடுக்கை. மூக்குப் பக்கம் மடிக்க வேண்டியதை வால் பக்கம் மடித்துத் தேய்த்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் இரண்டு கிளியும் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கின்றன. திரும்பி வந்த மாமா ரப்பரைக் கையில் எடுத்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு ரப்பரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, போ" என்றார். படம் அப்படியே கடைக்குப் போயிற்று.

மறுவாரம் மாமாவோடு நானும் கடைக்குப் போனேன். படத்தைப் பார்த்த பெண் வீட்டார் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முதலாளி தாளை மாமாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"கல்யாணத் தட்டுய்யா இது! ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. எவன்யா பண்ணது?"

"நான்தான் முதலாளி."

"அப்ப நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

மாம்பலம் ரயில்வே பாலத்தில் ஏறும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வேலையையும் விட்டாரே! அந்த நிமிஷம் மாமாவுக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

விஷயம் கேட்டு அம்மா கத்தவில்லை. தணிந்த குரலில், "உனக்குன்னு நாம போய்ப் பாத்துட்டு வந்தோமே, அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குன்னு தெரிஞ்சேதானடா பண்ணே? வேணாம்னு சொன்னவங்களுக்காகப் பொழப்பக் கெடுத்துக்குவியா?" என்றாள்.

"நான் தப்பாப் போடலக்கா. வந்த தப்பைத் திருத்தல, அவ்ளோதான்."

பாருங்கள், அம்மாவிடம்கூட மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே பூரிப்பு.