மன்றத்துக்கு அப்பா வந்த சனிக்கிழமைகள்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முனையில் நலச்சங்கக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே ரேஷன் கடை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. சுவரில் ‘மாலை மன்றம்’ என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது வெறும் மன்றம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவோம். முதலில் வீட்டுப்பாடம், அப்புறம் சுண்டல், அதற்கப்புறம் விளையாட்டு. எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அம்மாக்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து கீழேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அந்த மாடிதான் எங்கள் வீடு.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. தம்பி இரண்டாம் வகுப்பு. மன்றத்தை நடத்தியவர் ஜெயந்தி அக்கா. சத்தம் போடாமலே எல்லோரையும் அடக்கிவிடுவார். அவருக்கு உதவியாக சதீஷ் அண்ணன். ப்ளஸ் டூவில் கணக்கில் கோட்டைவிட்டவர்தான் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தோன்றியதில்லை. அவருடைய உண்மையான படிப்பு கேரம் போர்டு.

மன்றத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவர் யாரோ அவர்தான் அழைத்துப் போகலாம், வேறு யார் வந்தாலும் அனுப்ப மாட்டார்கள். எங்களைச் சேர்த்தது அம்மா.

அப்பா எங்களோடு இல்லை. வெளியூரில் வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்கு முன்பு அப்பாவுக்கு எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. ஒருநாள் மெஷின் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் என்னென்னவோ நடந்தது. பாத்திரங்கள் உருண்டன. அம்மாவின் நெற்றியில் ஒரு தையல் விழுந்தது. அப்புறம் நாங்கள் மூவரும் கள்ளிக்குப்பத்துக்கு வந்தோம். அப்பாவின் வெளியூர் என்பது இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த திருமுல்லைவாயல் என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை அப்பா மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றார். முகத்தை மழித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். கையில் சூடாக வேர்க்கடலைப் பொட்டலம். தம்பி பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

“இட்டுக்கினு போலாம்னு வந்தேன்மா” என்றார் அக்காவிடம்.

“அது முடியாதுங்கண்ணா. அவங்க அம்மா வந்தாத்தான்.”

“என் புள்ளைங்கள நான் இட்டுக்கினு போறதுக்கு யாரக் கேக்கணும்?”

அப்பாவின் குரல் உயர்ந்ததும் எழுதிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. அந்தக் குரலுக்கு அடுத்து என்ன வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தம்பி காலை விட்டுவிட்டு என் பக்கம் வந்து நின்றான். அப்பா அதைப் பார்த்தார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “கூட்டிட்டுப் போறதுதான் முடியாதுண்ணா. பாக்கலாம். உள்ள வந்து உக்காருங்க.”

 அப்பா செருப்பைக் கழற்றினார். அக்கா போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் யாரிடமோ மெதுவாகப் பேசிவிட்டு வந்தார்.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் வலது கையை பேன்ட் பைக்குள் விட்டபடி அப்பா நின்றிருந்தபோது, சதீஷ் அண்ணன்தான் கூப்பிட்டார்.

“இன்னா அண்ணாத்தே, சும்மா நின்னுகினு கீற? வா, ஒரு போர்டு ஆடலாம்.”

அப்பா தாழ்வான ஜன்னலையொட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து இடது கையால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். முதலில் காய் எங்கெங்கோ ஓடியது. பையன்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. சிவப்புக் காயைப் பலகை ஓரத்தில் மோதவைத்துக் குழிக்குள் அனுப்பினார். சதீஷ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, “இன்னாபா இது, பீச்சாங்கையிலயே இப்டி அடிக்கிது!” என்றதும் அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வலது கை தானாகப் பைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. பவுடரை அந்தக் கையால்தான் தேய்த்தார். யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை.

அம்மா வரும் நேரத்துக்கு முன்னால் எழுந்து போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும். மன்றத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. மற்றவர்களின் அப்பாக்கள் வீட்டில் இருந்தார்கள். என் அப்பா மன்றத்துக்கே வருகிறார். சனிக்கிழமைகளில் தம்பி கணக்கைக்கூட வேகமாக முடித்தான்.

ஒருமுறை ஆட்டத்தின் நடுவே ஜன்னல் பக்கம் போனேன். எதிரே டீக்கடை ஓரம், தோளில் பையோடு அம்மா நின்றிருந்தாள். டீ எதுவும் குடிக்கவில்லை. மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, “மழை விடட்டும்னு நிக்கிறாங்க போல” என்றார். மழை பெய்யவே இல்லை. ஆனால் பெரியவர்கள் சொன்னால் மழை பெய்கிறது என்று நம்பிவிடும் வயது அது.

பிறகு ஒரு சனிக்கிழமை அப்பாவின் செருப்புச் சத்தம் படியில் பாதியிலேயே நின்றுவிட்டது. நானும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஜெயந்தி அக்கா அவருக்கு ஒரு படி மேலே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வழியை மறித்தாற்போல் நின்றிருந்தார். ஏதோ பேசினார்கள். அப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் அன்று அக்காவிடம் கத்தினேன். “எங்கப்பாவ நீங்கதான் தொரத்திவுட்டீங்க!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் சுண்டல் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை. வளர்ந்த பிறகு ஒருநாள் சதீஷ் அண்ணன்தான் சொன்னார், அன்று வழியை மறிக்கச் சொன்னதே அப்பாதானாம். “நான் இப்டி கீறத என் புள்ளைங்க பாக்கக் கூடாது, அவங்கள வரவுடாதம்மா” என்று கேட்டுக்கொண்டாராம்.

அதன்பிறகு அப்பா வரவில்லை. சனிக்கிழமைகளில் தம்பி படியிலேயே போய் உட்கார்ந்துகொண்டான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாட்களில், அப்பா பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று சொன்னார்கள். ஈரல் கெட்டுவிட்டதாம். மன்றத்துப் பெரிய பையன்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டே சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்பிள்ளை என்று என்னை அனுப்பவில்லை. தம்பியால் கொள்ளிச்சட்டியைத் தூக்க முடியவில்லையாம். சதீஷ் அண்ணன் அவனையும் சட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாராம். வீட்டில் அம்மா அழாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அதைப் பற்றி ஏதோ பேசினார்கள்.

காரியம் முடிந்து அம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய வாரம், ஒரு மாலை கீழேயிருந்து கூப்பிடாமல் படியேறி மேலே வந்தாள். எங்களைச் சேர்த்த நாளுக்குப் பிறகு அவள் மாடிக்கு வந்ததே இல்லை. பையைக் கழற்றாமல் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஜெயந்தி அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

பிறகு அம்மா கேரம் போர்டின் முன்னால் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“கீழருந்து பாத்தா தலை மட்டுந்தான் தெரியும்” என்றாள். “சிரிச்சாராடி?”

“ஓ, சிரிப்பாரே.”

“எப்டி சிரிப்பாரு?”

நான் எழுந்து நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, அப்பாவைப் போலவே பலமாகச் சிரித்துக் காட்டினேன். தம்பியும் பக்கத்தில் வந்து நின்று அவனுக்குத் தெரிந்த மாதிரி சிரித்தான். பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பலமாகச் சிரித்தேன்.