பயந்தாங்கொள்ளி போட்ட தரை

அந்தத் தச்சரைத் தெருவில் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். இள வயதில் கூட வேலை செய்த அண்ணன் உளுத்த பலகையோடு கீழே போனதைப் பார்த்த கண் அது. மரம்தான் அவருக்குச் சோறு போட்டது. அவரைப் பயமுறுத்தியதும் அதே மரம்தான்.

மகளின் வீட்டு மாடி அறைக்குத் தரை போட்டபோது மட்டும் சந்தோஷம் பயத்தை மழுக்கிவிட்டது. மகளுக்கு மாசம் நிறைந்துகொண்டிருந்தது. பழைய பலகைத் தரை ஜன்னலோரம் மழையில் நனைந்து மெத்தென்று கிடந்தது. அதைப் பெயர்க்காமல், இடித்த கட்டடத்துத் தேக்குப் பலகைகளை மேலேயே பரப்பினார். ஒன்றைத் தவிர எல்லாம் குட்டைப் பலகைகள். இரண்டு பலகை சேரும் மூட்டுக்கு அடியில் தாங்குகட்டை இருந்தாக வேண்டும். பழைய தரையில் ஆணி வரிசை ஓடும் இடத்தில் கட்டை ஓடும் என்பது தச்சர்களின் கணக்கு. அவரும் அப்படியே கணித்தார். ஜன்னலோரம் ஸ்க்ரூ பிடிமானமில்லாமல் சுற்றியபோது, "நனைஞ்ச மரம்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் தன் வீட்டில், அந்தப் பழைய தரையில் கதவு திறக்க வழிவிட்டு வாசலோரம் அறுத்தெடுத்த துண்டொன்றை விறகுக்குப் பிளந்தார். உள்ளே ஆணி பாதியில் முறிந்து நின்றது. பலகையைத் தாண்டி அது மகள் வீட்டுக் கட்டை எதிலும் இறங்கியதே இல்லை. பக்கத்தில் இன்னொரு ஆணித் துளை, பெயின்ட் மூடிக் கிடந்தது.

பழைய தரையும் வேறெங்கோ பெயர்த்து வந்து போட்டதுதான். அவர் நம்பிய வரிசை ஏதோ ஒரு வீட்டுக் கட்டையின் வரிசை.

செருப்புகூடப் போடாமல் மகள் வீட்டுக்கு ஓடினார். மாடிப்படியில் மாப்பிள்ளையும் இரண்டு கூலியாட்களும் இரும்பு பீரோவோடு பாதி ஏறியிருந்தார்கள்.

"அங்கயே நிறுத்துங்க! ஏத்தாதீங்க!"

"என்ன மாமா, பேயைப் பாத்த மாதிரி வர்றீங்க?"

அவர்களை இடித்துக்கொண்டு மேலே ஏறினார். பீரோவுக்கு இடம் காட்ட மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"அசையாத கண்ணு."

"ஆரம்பிச்சுட்டாரு! நீங்க போட்ட தரைக்கே பயமாப்பா?"

"நான் போட்டதாலதாம்மா பயம்."

"இந்த வயித்தோட நான் என்ன, பறக்கவா?"

அவள் சிரித்தாள். சிரிப்பில் உடம்பு குலுங்க, காலடியில் தேக்கின் மூட்டு ஒரு விரற்கடை இறங்கியது. சிரிப்பு நின்றது.

"அப்பா..."

தானும் போய் நின்றால் பாரம் இரட்டிப்பாகும். மிஞ்சிக் கிடந்த ஒரே நீளப் பலகையை எடுத்தார். குப்புறப் படுத்து, அவள் கால்வரை தள்ளினார்.

"இது மேல ஏறு. மெதுவா. என் கையைப் பிடி."

ஈரமான உள்ளங்கை ஒன்று அவர் கைக்குள் வந்தது. அவள் அறை வாசலைத் தாண்டிய பிறகுதான் அவர் அதை விட்டார்.

பிறகு படுத்தபடியே அந்த மூட்டைப் பெயர்த்தார். கீழே கட்டை இல்லை. பழைய பலகை ஊறிய ரொட்டியாகக் கையோடு வந்தது. ஓட்டை வழியே கீழ் அறையின் சிமெண்ட் தரை தெரிந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த ஸ்க்ரூவில் அவர் திருப்புளி நிற்கவில்லை. மேலே வந்திருந்த மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டார்.

"எதுவரைக்கும் கழட்டணும் மாமா?"

"வாசல் வரைக்கும்."