பந்தயக் காருக்கு ஒரு சுவர் அலமாரி

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்று எங்கள் ஊர் குன்னத்துகாலில் பேச்சு எழுந்தபோது, அது எனக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள் நான். ஆனால் வாங்கப் போனது என் அக்கா. பாறசாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். எதற்கு வாங்குகிறாய் என்று கேட்டவர்களிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"விளையாடதுக்காக்கும்," என்பாள்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டிப் பைத்தியம் உண்டு. வெள்ளறடை பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவாள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைகிற இடங்களில் டிரைவர் எப்போது கியர் மாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே வருவாள். வீட்டில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அந்த வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போனவள், அங்கே கம்ப்யூட்டரில் ஒரு கார்ப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"மழை பெய்யிது பிள்ள. ரோடு நனைஞ்சு மின்னுது. வளைவுல வேகமாப் போனா வண்டி சறுக்குது. நெசமாட்டு இருக்கு."

அது சாதாரணக் கம்ப்யூட்டரில் வராது, த்ரீடி கார்டு என்று ஒன்றைத் தனியாகப் போடவேண்டும் என்பதையும் கேட்டு வந்திருந்தாள். நான் படித்த இடத்தில் அந்தப் பேரையே யாரும் சொல்லவில்லை. அங்கே கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்ததும் கிடையாது.

அப்பா எதிர்க்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. காலையில் பால் வெட்டி ஷீட் அடித்துவிட்டால் மிச்ச நேரத்தில் வீட்டில் எதையாவது ஆணி அடித்து, செதுக்கி, திருத்திக்கொண்டிருப்பார். அம்மாவிடமிருந்துதான் ஒரு நிபந்தனை வந்தது. எங்கள் முன்னறையில் மாதம் ஒருமுறை சபையின் ஜெபக்கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் பாய் விரித்து நெருக்கியடித்து உட்காருவார்கள். கம்ப்யூட்டர் இடத்தை அடைக்கக்கூடாது, அவர்கள் கண்ணிலும் படக்கூடாது.

"அந்தச் சுவர் அலமாரியில வையுங்க. கூட்டம் வரும்போ கதவ அடைச்சிரலாம்," என்றாள் அம்மா.

முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள சுவரில், இரட்டைக் கதவு போட்ட அலமாரி அது. விருந்துக்கான பீங்கான் தட்டுகள் அதில் இருந்தன. அப்பா டேப்பை எடுத்து அளந்தார். நடுப்பலகையைக் கழற்றிவிட்டால் உயரம் போதும், அகலமும் பரவாயில்லை, ஆழம்தான் குறைவு என்றார். ஆக, நாங்கள் வாங்க வேண்டியது கிடைக்கிறதிலேயே சின்ன கம்ப்யூட்டர். அக்காவுக்கு வேண்டியதோ கிடைக்கிறதிலேயே வேகமானது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில், பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கும் கடை இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, படிப்புக்கா என்று மலையாளத்தில் கேட்டார். அக்கா முன்னால் வந்து, எனக்குத்தான், விளையாடுவதற்கு என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடுப்பு உயரத்தில் நின்ற ஒரு பெரிய டவர் கேபினெட்டைக் காட்டினார். வாங்கினால் இதைத்தான் வாங்கவேண்டும், பிறகு எது வேண்டுமானாலும் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அலமாரியின் அளவைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு தட்டையான கேபினெட்டைக் கொண்டுவந்து வைத்தார். மானிட்டரை அதன் மேலேயே வைக்கலாம். பார்க்க அழகாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

"சேட்டா, இதுல த்ரீடி கார்டு கேறுமா?" என்று அக்கா கேட்டாள்.

கேறும், கேறும் என்றார்.

"தொறந்து காட்டுங்க."

அவர் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். கார்டையும் எடுத்துவந்தார். பச்சை நிறத்தில் நீளமாக, எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியைவிட நீளமாக இருந்தது. உள்ளே வைத்தால் அதன் நுனி போய் சி.டி. டிரைவின் பின்புறத்தில் முட்டியது. அவர் சரித்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். அக்கா, அழுத்தாதீங்க என்று சொல்லி அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். கைக்குழந்தையை வாங்குகிற மாதிரிதான் வாங்கினாள்.

பெரிய பேச்சு நடந்தது. கார்டை விட்டுவிடலாம், சதுரங்கம் சீட்டெல்லாம் அது இல்லாமலே நன்றாக ஓடும் என்றார் கடைக்காரர். நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். அந்தச் செலவில் ராம் மெமரியைக் கூட்டலாம், பெரிய ஹார்டு டிஸ்க் போடலாம், எனக்கும் பழகிப் பார்க்க உதவும் என்றேன். அக்கா கோபப்படவில்லை.

"மக்கா, ஒரு நேரத்துல ஒரு கேம் உள்ள இருந்தாப் போதும். ஆனா அது ஓடணும். நடக்கக்கூடாது."

கடைசியில் தட்டைக் கேபினெட்டை விட்டோம். மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு குட்டி டவரில் அந்தக் கார்டு சரியாகப் பொருந்தியது. நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். ஹார்டு டிஸ்கில் சின்னது, பிராசஸரில் ஒரு படி குறைந்தது, ராம் என் மனசுக்காகக் கொஞ்சம் கூடுதல். அப்படித்தான் அது முடிவாயிற்று. திரும்பி வரும்போது அக்கா ஆட்டோவில் மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்தோம். குட்டி டவர் ஒரு ஓரத்தில் ஒதுங்கி நின்றது. மானிட்டரின் முகம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் கேபினெட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில், மானிட்டருக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதை யாரும் நினைக்கவில்லை.

"கதவு அடையல்லியே," என்றாள் அம்மா.

அப்பா கதவைச் சாத்திப் பார்த்தார், திறந்தார், அலமாரியின் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒற்றைச் செங்கல்தான் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து காரை உதிர்ந்ததும் சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் மானிட்டரின் பின்புறம் அடுக்களைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது, கதவும் அடைந்தது. அடுப்பு எதிர்ச்சுவரில் இருந்தது நல்லதாயிற்று.

முதல் பந்தயத்தை அப்பா, அம்மா, நான் எல்லோரும் நின்று பார்த்தோம். அக்கா சொன்னபடியே மழை பெய்தது, சாலை மின்னியது. அவள் வளைவில் வேகத்தைக் குறைத்து, சாலை நிமிர்ந்ததும் கூட்டி, வெள்ளறடை டிரைவரைப் போலவே ஓட்டினாள். பாதியில் திரை அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடியும் உறைந்தது. அக்கா எழுந்து கேபினெட்டின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் உண்டு," என்றாள்.

மின்விசிறியைத் திருப்பி வைத்தோம், பலனில்லை. மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு நான் மூடியைத் திறந்தேன். அதுவரை அப்படி நான் செய்ததில்லை. உள்ளே இரண்டு கார்டுகள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நின்றன. ஒன்று சாதாரணப் படத்துக்கு, மற்றது இந்த த்ரீடி. நடுவே காற்று போக வழியே இல்லை. நீளமானதைக் கழற்றி, ஒரு ஸ்லாட் தள்ளிச் சொருகினேன். மூடியைப் போடாமலே சுவிட்சைத் தட்டினேன். திரையில் எழுத்து வந்தபிறகுதான் மூச்சு விட்டேன். சாயங்காலம் அக்கா வந்து உடுப்பு மாற்றாமலே உட்கார்ந்தாள். பந்தயம் முடிகிறவரை திரை ஒருமுறைகூட உறையவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்து, "கொள்ளாம்," என்று பாராட்டினாள். டிப்ளமோ சர்டிபிகேட் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

அம்மாவும் சமாதானமாகிவிட்டாள். மானிட்டரின் பின்புறம் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, மழை நாட்களில் பப்படக் கட்டுகளை அதன் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தாள். நமத்துப்போகாமல் இருந்தது.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் கதவு ஒழுங்காக அடைந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு சபையின் போதகர் கை கழுவ அடுக்களைக்குள் வந்தார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். அம்மா பப்படத்தைப் பார்த்தாள். பதில் சொன்னது அக்காதான்.

"கம்ப்யூட்டருக்க பின்பக்கமாக்கும் ஐயா. கார் ஓட்டி விளையாடதுக்கு வாங்கினது."

போதகர் முன்பக்கத்தையும் பார்க்கவேண்டும் என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, நீளக் கார்டின் கதையையும் சொன்னாள். அவர் முதல் வளைவிலேயே தடுப்பில் முட்டினார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். சாயா ஆறிப்போயிற்று, அம்மா வேறு போட்டாள். புறப்படும்போது, சபை அலுவலகத்துக்கும் இதுமாதிரி அடக்கமாக ஒன்று வாங்கவேண்டும், நீங்கள் ரெண்டு பேரும் கூட வரணும் என்றார்.

போனோம். கடைக்காரர் போதகரைக் கண்டதும் எழுந்து நின்றார். அலுவலக வேலைக்கென்றால் அந்தத் தட்டைக் கேபினெட்டே போதும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. போதகர் கொஞ்ச நேரம் அதைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த நீளக் கார்டு இதுல கேறாதில்லியா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கேறாது ஐயா."

"அப்பம் குட்டி டவரே எடுப்போம். இப்பம் கார்டு வேண்டாம். எடம் இருக்கட்டும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி பஸ்களைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. வந்ததுமே அவள் கடைக்காரரிடம், திரை உறைந்ததையும் கார்டை ஒரு ஸ்லாட் தள்ளிப் போட்டதும் சரியானதையும் சொல்லியிருந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் கார்டை மாற்றிச் சொருகியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலைக்கு வருகிறாயா என்றார். ஓணம் கழிந்து சேர்ந்தேன். சனிக்கிழமை டியூட்டி முடிந்து அக்கா மாடியேறி வருவாள், புதிதாக என்ன கார்டு வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே.