வசந்தி நடந்து பார்த்த அறை

நேற்று சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது அடியில் விரித்திருந்த தாள் கையோடு வந்துவிட்டது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பழைய பிரிண்டர் தாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் நெடுக எண்கள், என் ஆய்வு நாட்களில் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. தூக்கிப் போட மனமில்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதுகும் ஒத்துழைக்கவில்லை.

தொண்ணூறுகளில் நானும் வசந்தியும் பெங்களூரில் கணித ஆய்வு மாணவர்கள். அவள் ஜோகுபாளையம், எனக்கு ஈஜிபுராவில் வாடகை அறை. எங்கள் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். காம்ப்ளெக்ஸ் நம்பர் என்கிற கலப்பு எண்களால் ஆன, கணக்கில் மட்டுமே இருக்கும் ஒரு வளைந்த வெளி. அதில் ஓர் அறை கட்ட வேண்டும். குலம் என்று நாங்கள் சொல்லும் நகர்த்தல்களின் கூட்டம் அந்த அறையின் நகல்களை வெளி முழுக்கத் தூக்கி வைக்கும். அப்போது இடைவெளியும் விழக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. சனியன், அந்த வெளியில் தட்டையான சுவரே கிடையாது.

எந்தச் சுவர் எதை எங்கே சந்திக்கிறது என்று பார்க்கும் வேலையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். வசந்தி பஸ்ஸில் நின்றபடியே கண்ணை மூடி அந்த அறைக்குள் நடந்து பார்ப்பாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் கம்ப்யூட்டர் காட்டிய படத்தை நம்பினேன். சோம்பேறிக்கு அதுதானே வசதி.

இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றது. அதைக் காட்டி அவளுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி வேலையும் கிடைத்தது. அப்புறம்தான் என் பங்கில் தப்பைக் கண்டேன். இரண்டு சுவர்கள் ஓரிடத்தில் மட்டும் சந்திப்பதாக எழுதியிருந்தேன். அவை இரண்டு இடத்தில் சந்தித்தன. பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன.

கடைசியில் அல்சூரில் ஒரு டீக்கடையில் சொன்னேன்.

"எப்ப பாத்த?"

"பத்து நாளாச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா ஒக்காந்து சரி பண்ணியிருப்போம்ல பா. நாளைக்கு அச்சுக்குப் போகுது." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "ஹோக்லி பிடு." போகட்டும் விடு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவளே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். வெளிநாட்டு வேலையும் போயிற்று. சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கணிதத்திலேயே இருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பல வருடம் கழித்து அதைச் சரிசெய்தேன். கூடுதலாக ஒரே ஒரு சுவர் போதுமாக இருந்தது. நான்கு நாள் வேலை. இரண்டு பேர் பெயரையும் போட்டு அவளுக்கு அனுப்பினேன். போன் செய்தாள்.

"என் பேர எடுத்துடு பா. மூணு தடவ படிச்சேன். ஒரு வரி கூட புரியல."