நேராக இறங்கினால் எரிந்துவிடும்

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு ஸ்டேஷனிலிருந்து அக்கா மகள் கவிதாவைக் காரில் அழைத்துக்கொண்டு வேலந்தாவளம் போனேன். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். அதன் பிறகு ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. அப்பா பேசுவாரா... வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாரா? வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

திருவனந்தபுரத்தில் இன்ஜினியர். விண்கலத்தைப் பத்திரமாகப் பூமிக்கு இறக்கக் கணக்குப் போடும் வேலை. பேச்சை மாற்றலாமே என்று, "அது எப்படிம்மா எரியாம இறங்குது?" என்றேன்.

"நேரா விழுந்தா எரிஞ்சு போயிருமுங்க மாமா. அதனால எடையை ஒரு பக்கமா வெச்சு, சாய்வா இறக்குவோம். காத்து வேகத்தையும் குறைக்கும், கொஞ்சம் தூக்கியும் புடிக்கும். கலத்தை இடமும் வலமுமா உருட்டி அந்தத் தூக்கலை வேணுங்கற பக்கம் திருப்பிக்குவோம்."

"தூக்கல் ஜாஸ்தியானா?"

"இறங்கற எடத்தைத் தாண்டிப் போயிருமுங்க."

வீட்டில் மச்சான் தொழுவத்தில் நின்றிருந்தார். மகளைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபம் என்றால் நேரில் பேசமாட்டார்கள் — மாட்டிடம் பேசுவார்கள்!

"ஏ லட்சுமி, ரயில்ல வந்தவங்க ஏதாச்சும் தின்னாங்களாமா?"

நான் வாயைத் திறந்தேன். கவிதா என் கையைக் கிள்ளிவிட்டு, மாட்டின் மறுபக்கம் போய் நின்றாள்.

"இன்னும் இல்லீன்னு சொல்லு லட்சுமி."

"இளைச்சுப் போயிட்டாங்களாட்ட இருக்குது. அங்க சமையல் யாராமா?"

"அவருதான்னு சொல்லு. நல்லாவே சமைப்பாரு."

அவ்வளவுதான். மச்சான் முகம் இறுகிவிட்டது. தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார்.

கவிதா மாட்டின் கழுத்தைத் தடவினாள். "முட்டி வலிக்கு மாத்திரை போடறாங்களான்னு கேளு லட்சுமி..." குரல் உடைந்துவிட்டது.

எதுவானாலும் முகத்துக்கு நேரே பேசித் தீர்க்கவேண்டும் என்கிறவர்கள் அந்தத் தொழுவத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

மச்சான் வாளியைக் கீழே வைத்தார். மாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். மகளின் தலையில் கை வைத்தார்.

"போட்டுட்டுத்தான் இருக்கறேன் கண்ணு. ஆமா... சமைக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளைய எதுக்கு ஊட்லயே உட்டுட்டு வந்தே?"

மாப்பிள்ளை! அப்பாவும் மகளும் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

லட்சுமிக்கு நான்தான் தீவனம் வைத்தேன்.